தார்சிக்குக் கடைசிப் பெயர் இல்லை

அத்தியாயம் 11

நாற்காலியில் டூமா உட்கார்ந்திருந்தாள்.

இதில் என்ன இருக்கிறது, நாற்காலி என்றால் யாராவது உட்காரத்தானே செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? போன வாரம் படித்தவர்கள் கேட்க மாட்டார்கள். பிரிண்டருக்குப் பக்கத்து நாற்காலி தார்சியுடையது. அதன் மெத்தை அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே தட்டையானது. கல்யாணம் முறிந்து, இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவிலுள்ள சிமாஹிக்குத் திரும்பி வந்தவளுக்கு அந்த வீட்டில் தனக்கென்று கிடைத்த இடம் அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்துதான் அம்மாவின் மரவள்ளி வறுவலைத் தெருமுனையிலிருந்து நாடு முழுக்கக் கொண்டுபோனாள்.

அதுவும் ஆள் வைக்காமல். ஆன்லைன் சந்தையில் யாராவது 'இபு ஒனா வறுவல்' ஒரு பாக்கெட் கேட்டால் போதும். ஆர்டர் தானாக வரும், இருப்பில் ஒன்று குறையும், கூரியருக்குத் தகவல் போகும், பிரிண்டரிலிருந்து லேபிள் வந்து விழும், வாங்கியவருக்கு ஒரு நன்றியும் போய்ச் சேரும். யாரும் எதையும் தொட வேண்டாம். எல்லாம் தார்சி தானே கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கோத்து வைத்த வேலை. வீட்டில் அதற்கு 'தேதேயின் ஜின்' என்று பெயர். தேதே என்றால் அக்கா, இபு என்றால் அம்மா.

அந்த ஜின்னுக்குத்தான் இப்போது கண்டம். இந்த மாதிரித் தானியங்கி வேலைகள் உள்ளே வந்துபோகக் கொடுத்திருந்த பழைய சாவி வெள்ளிக்கிழமை காலையோடு செல்லாது என்று சந்தைக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். புதுச் சாவி, புது வாசல், புது விதிகள். அதுவும் நோன்பு மாதத்தில், பெருநாள் ஆர்டர்கள் குவிகிற வாரத்தில். இன்று வியாழன். இன்றைக்குள் மாறாவிட்டால் நாளை பிரிண்டர் வாயைத் திறக்காது. பெருநாள் ஆர்டரெல்லாம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

தார்சிக்கு இது தெரியாதா? தெரியும். பாதி வேலையை முடித்தும் வைத்திருந்தாள். ஆனால் விடியற்காலையில் நோன்புச் சோறு பரிமாறும்போது அம்மா ஒன்று சொன்னாள். போன வாரம் நாம் நிறுத்திய இடம் அதுதான்.

"இதெல்லாம் நெங் பாத்துக்கட்டும். அது படிச்ச படிப்பே இதுதானே."

நெங். வீட்டின் செல்லப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் நெங் என்றால் தார்சிதான். தம்பி டெடென் சுமத்ராவின் மேடானிலிருந்து டூமாவைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, அம்மா வாசலில் நின்று "வா நெங்" என்றாள். உள்ளேயிருந்த தார்சி எழுந்து வந்தாள். கூப்பிட்டது அவளை இல்லை. அன்றிலிருந்து பெற்ற தாய்க்கும் அவள் தேதே ஆகிவிட்டாள்.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

"தேதே! வாங்க வாங்க, உங்களத்தான் தேடிட்டிருந்தேன்!"

டூமாவுக்கு மெதுவாகப் பேச வராது. சுமத்ராவின் பதாக் இனத்துப் பெண். அவள் நலம் விசாரித்தாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்த டெடென் காதைப் பொத்துவது போல நடித்தான்.

"நோன்பு மாசத்துல சைத்தானையெல்லாம் கட்டிப் போட்டுருவாங்கன்னு உஸ்தாது சொன்னாரு தேதே. நம்ம ஜின்ன எதுக்குச் சந்தைக்காரன் சேத்துக் கட்டறான்னுதான் புரியல."

தார்சி சிரிக்கவில்லை. "எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்றாள், திரையைப் பார்த்தபடி.

"முடிஞ்ச மாதிரிதான். விண்ணப்பம் காலைலயே போட்டாச்சு, சாவி வந்துடுச்சு. ரெண்டு ஆர்டர் பொய்யா போட்டு ஓட்டிப் பாத்தேன். ஒண்ணு என் பேர்ல, ஒண்ணு எங்கம்மா பேர்ல. ரெண்டும் ஜம்முனு போச்சு. இங்க பாருங்க."

தார்சி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. தான் வளைத்து வளைத்துச் செய்திருந்ததை இந்தப் பெண் நேர்கோடாகப் போட்டிருந்தாள். அதைப் பார்க்கவே தார்சிக்குக் காதில் புகை வந்தது.

பிறகு ஓரிடத்தில் அவள் கண் நின்றது.

புது வாசலில் வாங்குகிறவரின் பெயர் ஒன்றாக வருவதில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தில் வருகிறது. இரண்டும் நிரம்பியிருந்தால்தான் ஆர்டர் அடுத்த படிக்குப் போகும், ஒன்று காலியாக இருந்தால் அரைகுறை ஆர்டர் என்று சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். டூமா அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் முழுப்பெயர் டூமா ஹராஹாப். அவர்கள் பக்கத்தில் குலப்பெயர் தெரிந்த பிறகுதான் உட்காரவே சொல்வார்கள். கடைசிப் பெயர் இல்லாமல் ஒரு மனுஷி இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்காது. ஆனால் அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லோரும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். தார்சி, வெறும் தார்சி. டெடென், வெறும் டெடென். அம்மா ஒனா, பிறந்த அன்றும் ஒனா, அடையாள அட்டையிலும் ஒனா. வறுவல் வாங்குகிற ஜாவா முழுக்க உள்ள அத்தைகளும் சித்திகளும் பாதிக்குப் பாதி அப்படித்தான்.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா அம்மா உள்ளே வர வேண்டும்? முறத்தோடு வந்தவள் டூமாவின் தலையைத் தடவினாள். "பாத்தியா தேதே, எப்படி சட்டுனு முடிச்சுட்டா! நீ மாசக்கணக்கா இதோட முட்டிக்கிட்டுக் கிடந்த."

வந்த வார்த்தை அப்படியே திரும்பிப் போனது.

"இருங்க இபு, தேதே பாத்து சரின்னு சொல்லட்டும்" என்றாள் டூமா. நாற்காலியைத் திருப்பித் தார்சியை நிமிர்ந்து பார்த்தாள். "சரியா இருக்கா தேதே? ஏதாச்சும் விட்டுட்டேனா? தப்புன்னா மண்டைல தட்டிச் சொல்லுங்க."

தார்சி புன்னகை செய்தாள்.

"மங்கா, நெங்."

நம்முடைய மாங்காய் இல்லை இது. சிமாஹிப் பக்கத்துச் சுண்டா மக்களின் மரியாதைச் சொல். வாருங்கள் என்பதற்கும் மங்கா, சாப்பிடுங்கள் என்பதற்கும் மங்கா, ஆகட்டும் என்பதற்கும் மங்கா. முகத்தைப் பார்க்காமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் எப்படியோ போய்த் தொலை என்பதற்கும் அதே மங்காதான். இங்கே பிறந்தவர்களுக்குக் காதில் விழும்போதே வித்தியாசம் தெரியும். டூமா இங்கே பிறந்தவள் இல்லை.

"தேதே சரின்னுட்டாங்க!" என்று கூவினாள். பழைய வழியை மூடிப் புதிய வழியைத் திறந்துவிட்டாள்.

பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த டெடென் மட்டும் ஒரு கணம் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.

பின்கட்டில் மிளகாய் வதங்கும் நெடி. தார்சி மரவள்ளிச் சீவலை எண்ணெயில் போட்டாள். பொறாமை என்பதை அவள் தனக்குள்ளேயே வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தாள். எச்சரிக்கை என்றாள். இளையவளுக்கு அனுபவம் வரட்டும் என்றாள். எதுவும் ஒட்டவில்லை. வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். நோன்பு வெறும் வயிற்றில் அது இன்னும் நன்றாகவே எரிந்தது.

நின்றுபோகட்டும். சாயங்காலத்துக்குள் நின்றுபோகும். அம்மா ஓடி வருவாள், "தார்சி, நீயே பாரு" என்பாள். அந்த நாற்காலி தானாகத் திரும்பி வரும். பெரிய நஷ்டம் ஆவதற்குள் சரிசெய்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது?

அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வெட்கம் கலந்த சந்தோஷம்.

"நானும் ஒரு ஆர்டர் போட்டுட்டேன்."

"நம்ம கடைலயேவா?"

"ஏன், எங்காசு காசில்லையா? சம்பந்தியம்மாவுக்கு. நம்ம வழக்கம்தானே, பெருநாளுக்கு முன்னாடி உறவுக்காரங்க வீட்டுக்குப் பலகாரம் அனுப்பறது. மொதல் வருஷம், விட முடியுமா? சும்மா பெட்டி கட்டி அனுப்பலாம்தான். எம் பேரு அச்சுல வர்றதப் பாக்கணும்னு ஆச."

தார்சியின் கையில் கரண்டி நின்றது. "யாரு பேர்ல போட்டீங்க?"

"எம் பேர்லதான். ஒனா. வேற யாரு பேர்ல போடுவாங்க?" அம்மா போனைத் துடைத்து இடுப்பில் செருகினாள். "சுமத்ராவுக்கு இன்னைக்கு எடுத்துட்டுப் போறதுதான் பெருநாளுக்குள்ள போய்ச் சேருமாம். கூரியர்க்கார மாங் ஓயோ சொன்னாரு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனாள். அம்மா விட்டால்தானே?

"அந்தம்மா எப்படி வளத்திருக்காங்க பாரேன். தைரியம், படிப்பு, எதையும் ஒளிச்சு வெக்காத மனசு. நம்ம வீட்டுக்கு இப்படி ஒண்ணு வரணும்னு நான் என்ன புண்ணியம் பண்ணேனோ."

தார்சி கரண்டியைத் திருப்பினாள். "மங்கா இபு" என்றாள். "போய்ப் பாருங்க, வந்திருக்கும்."

வரவில்லை.

பிரிண்டரின் சத்தம் தார்சிக்குத் தாலாட்டு மாதிரி பழக்கம். மற்ற நாட்களில் மூச்சு விடாமல் ஓடும். இன்று இரண்டு லேபிள் விழுந்தது, நின்றது. இன்னொன்று விழுந்தது, மறுபடி நின்றது. விழுவதெல்லாம் இரட்டைப் பெயர்க்காரர்கள். பின்கட்டிலிருந்தே அவளுக்கு அது புரிந்தது. மற்றவர்கள் பெருநாள் கூட்டம் குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மா பிரிண்டருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு லேபிளையும் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்து, கீழே வைத்தாள். மாலை அஸர் தொழுகை முடிந்தது. வாசலில் கூரியர் வண்டியின் ஹாரன் கேட்டது.

"இபு ஒனா! கட்டியாச்சா?" மாங் ஓயோ தலையை நீட்டினார். "இன்னைக்கு நாலு எடத்துல கெடந்து அல்லாடறேன், சீக்கிரம்."

"கொஞ்சம் இரு மாங், என்னோடது இன்னும் வரல."

டூமா திரையை மேலும் கீழும் உருட்டினாள். "தப்புன்னு எதுவும் காட்டலையே. இபு, நெசமாவே போட்டீங்களா?"

"போட்டேன்மா. பணம் கூட எடுத்துக்கிச்சு." அம்மாவின் குரல் இறங்கியது. "நாந்தான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேன் போல. படிக்காதவ, எனக்கு எதுக்கு இந்த ஆச? வெறும் பெட்டியா கட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் வண்டில ஏறியிருக்கும்."

டூமாவின் சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "எங்கம்மா நேத்தே போன்ல சொன்னாங்க. 'சம்பந்தி வீட்லேந்து பலகாரம் வருதாமே, அக்கம்பக்கம் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்'னாங்க." உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கதவோரம் நின்றிருந்த தார்சியின் பையில் போன் கிணுகிணுத்தது. வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதை எடுத்துப் பார்த்தாள்.

'அன்புள்ள தார்சி தார்சி, உங்கள் பெயரில் பதிவான புதிய அனுமதி இன்று முதல் பயன்பாட்டுக்கு வந்துள்ளது.'

கீழே இன்னும் என்னவோ இருந்தது. அதுவரை அவள் போகவில்லை.

"டெடென், இது என்ன? தார்சி தார்சியா? யாரு பதிஞ்சது?"

"அதுவா?" டெடென் தலையைச் சொறிந்தான். "காலைல விண்ணப்பத்த நாந்தான் நெரப்பினேன். டூமாதான் சொன்னா. ஜின்னு தேதேயோடது, சாவியும் தேதே பேர்லதான் இருக்கணும், நான் வேல செய்யறவ மட்டுந்தான்னா. அதுல கடைசிப் பேரு போடாம உள்ள விடல. அதான் நம்மாளுங்க விமான டிக்கெட்டுக்குச் செய்யற மாதிரி, இருக்கற பேரையே ரெண்டு தடவ போட்டேன்."

டூமா நிமிர்ந்தாள். "கடைசிப் பேரு இல்லயா? இல்லாம எப்படி இருக்கும்?"

தார்சிக்கு முகம் கொதித்தது. இவ்வளவு நேரம் எரிந்த எரிச்சல் வேறு, இது வேறு. இதற்கு அவமானம் என்று பெயர்.

"எந்திரி நெங்" என்றாள்.

டூமா எழுந்தாள். தார்சி உட்கார்ந்தாள். கை யோசிக்கவில்லை. கடைசிப் பெயர் காலியாக இருந்தால் முதல் பெயரையே அங்கேயும் போட்டுக்கொள் என்று ஒரே ஒரு வரி. பிறகு ஒதுக்கி வைக்கப்பட்ட ஆர்டர்களை எல்லாம் அவிழ்த்துவிட்டாள்.

பிரிண்டர் ஒரு முறை இருமியது. அப்புறம் நிற்கவே இல்லை. லேபிள் மேல் லேபிளாக விழுந்து தரையில் புரண்டது. அம்மா குனிந்து குனிந்து தேடினாள். ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"ஒனா ஒனா! அடப்பாவிங்களா, என்ன ரெண்டு பேராக்கிட்டீங்களே!"

"நல்லதாப் போச்சு இபு" என்றார் மாங் ஓயோ. "ஒரு ஒனா வறுக்கட்டும், ஒரு ஒனா எனக்குப் பெட்டிய ஏத்திக் குடுக்கட்டும்."

எல்லோருமாகக் கட்டினார்கள். நோன்பு திறக்க வைத்துக்கொள்ளச் சொல்லி மாங் ஓயோவின் கையில் ஒரு பை தேங்காய்ப்பால் கோலாக் பாயசம் கொடுத்தார்கள். சம்பந்தியம்மாவின் பெட்டி மற்றவற்றுக்கெல்லாம் மேலே உட்கார்ந்து புறப்பட்டுப் போனது.

"பாத்தீங்களா?" அம்மா தார்சியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம் பொண்ணு இல்லேன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்!"

காலையிலிருந்து தார்சி ஏங்கிக் கிடந்த வார்த்தை. வந்தது. இனிக்கவில்லை. அவள் பார்வை டூமாவின் பக்கம் போனது. எல்லோரும் கத்திச் சிரித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் டூமா மட்டும் சத்தம் போடாமல் நின்றிருந்தாள்.

நோன்பு திறக்கிற மஃரிபுக்குச் சற்று முன்னால், டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தார்சியின் பக்கத்தில் டூமா வந்து நின்றாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"தேதே, தப்பு எங்கன்னு நீங்க தேடவே இல்ல. ஒக்காந்தீங்க, எழுதினீங்க. மத்தியானமே பாத்துட்டீங்கல்ல?"

தண்ணீர் டம்ளரைத் தாண்டி வழிந்தது. பள்ளிவாசலில் முரசு முழங்கியது. நோன்பு திறக்கும் நேரத்தில் பொய்யை வாயில் வைத்துக்கொண்டு எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

"பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் மங்கான்னீங்க?"

"வயித்தெரிச்சல்." சொல்லிவிட்டாள். "உன்ன நெங்னு கூப்பிடறாங்க. அது எம் பேரு."

டூமா ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தாள். இன்னொன்றைத் தார்சியிடம் நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க ஊர்லன்னா அன்னைக்கே ஒரு தட்டத் தூக்கி எறிஞ்சிருப்பாங்க. சண்ட போட்டு, அழுது, அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீங்க சிரிச்சீங்க தேதே. அந்தச் சிரிப்பத்தான் என்னால தாங்க முடியல. எங்கம்மா பெட்டி நின்னு போயிருந்தா, நான் உங்கள எப்பவுமே மன்னிச்சிருக்க மாட்டேன்."

தார்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொண்ணு" என்றாள் டூமா. "உங்க போன்ல வந்தது திரைலயும் வந்துச்சு. முழுசாப் படிச்சீங்களா?"

தார்சி எடுத்துப் பார்த்தாள். சற்று முன் படிக்காமல் விட்ட கீழ்வரிகள் அங்கே காத்திருந்தன. 'உங்கள் பெயர் அடையாள அட்டையுடன் பொருந்தவில்லை. நாளை காலைக்குள் முதல் பெயரும் கடைசிப் பெயரும் அட்டையில் உள்ள ஒருவரை உரிமையாளராகப் பதியவும். தவறினால் அனுமதி ரத்தாகும்.'

பழைய சாவி நாளைக் காலையோடு செத்துப்போகும். புதியதும் அதே காலையில் போய்விட்டால் ஜின்னுக்கு வேறு வாசல் கிடையாது. இரண்டு பெயர் உள்ள ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"நானா மாத்த மாட்டேன்" என்றாள் டூமா. "மாத்தினா ஜின்னு, சாவி, நாற்காலி எல்லாம் எம் பேருக்கு வந்துடும். நீங்க சொன்னாத்தான். மாத்தட்டுமா?"

"நெங்!" உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "கோலாக் ஆறிப் போகுது, வா!"

இரண்டு பேரும் திரும்பினார்கள். இரண்டு பேரும் நகரவில்லை.

தார்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மங்கா" என்றாள்.

டூமா கிட்டே வந்து, அவள் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, கண்ணுக்குள் பார்த்தாள்.

"இது எந்த மங்கா தேதே?"